அரை மணி நேரக் குரல்

மோட்டார் நிற்கும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை. வீட்டு ஓனர் பத்து மணிக்கு சுவிட்சைப் போட்டால் மொட்டைமாடித் தொட்டி நிரம்ப இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதுவரை அந்தக் கொர்ர் சத்தம் சுவர் வழியாக ஏறி மைக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் இந்த அலமாரிக்குள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வியர்க்க வேண்டியதுதான். வெளியே போய் ஃபேனுக்குக் கீழே உட்காரலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் வெளியே போனால் பாத்திரம் கண்ணில் படும், கண்ணில் பட்டால் தேய்ப்பேன், தேய்த்து முடிப்பதற்குள் பதினொன்றாகிவிடும், சவுண்ட் இன்ஜினியர் ஜெயசீலனுக்குப் பதில் சொல்லாமலே வேளை கடந்துவிடும், கடைசியில் மனசு கேட்காமல் அவன் கேட்டதைச் செய்து கொடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். சுவரோடு கட்டிய துணி அலமாரி இது. கீழ்த் தட்டுகளைக் கழற்றிவிட்டு, மூன்று பக்கமும் கம்பளி தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்திக் கொடுத்தவர் தாஸ், என் கணவர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர், சின்னப் பெட்டிக்குள் ஆளை நிறுத்துவது அவருக்குப் பழகின வேலை. கம்பளியில் பூச்சி உருண்டை வாசனை. மைக் மூன்று மாதமாகத் துணி போர்த்திக் கிடந்தது. இன்று காலைதான் எடுத்தேன், எடுத்து, மறுபடி போர்த்தி, மறுபடி எடுத்தேன், அதை மகள் ஸ்டெல்லா பார்த்துவிட்டாள். பார்த்தும் பார்க்காத மாதிரி ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு இத்தனை நாசூக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என்னிடமிருந்து இல்லை.

நேற்று சாயங்காலம் வந்தது அவன் செய்தி. "அமலி, குழந்தைங்க கதை ஒண்ணு. சும்மா ஒரு சாம்பிள், ஆறு பக்கம்தான். எலி, குட்டி யானை, ஒரு ஆந்தைத் தாத்தா, எல்லாம் நீயே பண்ணிடு. நாளைக்கு பதினொரு மணிக்குள்ள வேணும். இதுக்கு பேமென்ட் இல்ல, செலக்ட் ஆச்சுன்னா பெருசா பண்ணலாம்." சும்மா, தான், ஆச்சுன்னா. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் இந்தத் தொழிலில் பாதிப் பேருக்குப் பேச்சே வராது. அதற்குக் கீழேயே இன்னொன்று: "ஏன் இப்பல்லாம் டைப்பிங்லயே பேசற? குரல அனுப்பும்மா." அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். எங்கள் தொழிலில் டைப் அடித்துப் பதில் சொல்கிறவர்களை யாரும் நம்புவதில்லை. டப்பிங் ஆர்ட்டிஸ்ட் வாயைத் திறக்கவில்லை என்றால் தொண்டையில் ஏதோ என்று அர்த்தம். டப்பிங் தியேட்டர்கள் இருக்கிற சாலிகிராமத்தில் மதியம் ஒருத்திக்குத் தொண்டை கட்டினால் சாயங்காலம் டீக்கடையில் அவள் இடத்துக்கு வேறு பெயர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை. வேளாங்கண்ணிப் பக்கம் அக்கா வீட்டில் இருக்கிறேன், சிக்னல் கிடைக்கவில்லை என்று மூன்று மாதமாக டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அக்காவே கிடையாது. ஜெயசீலனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், என் அப்பா சாவுக்கு வந்தவன், நான் ஒரே பெண் என்று அவனிடமே சொல்லி அழுதிருக்கிறேன். ஞாபகம் வைத்திருப்பானா. ஆண்கள் இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்று ஒரு நம்பிக்கைதான்.

குரல்நாணில் இரண்டு முடிச்சு. அரிசி மணி அளவுதான் என்றார் டாக்டரம்மா, ஏதோ சாம்பாரில் கிடக்கிற மாதிரி. எனக்குப் பதினாறு வருடச் சம்பாத்தியம் அது. சினிமாவில் கைக்குழந்தை அழுதால் அது பெரும்பாலும் குழந்தை அழுவதில்லை, என்னை மாதிரி ஒரு பொம்பளை கண்ணாடி அறைக்குள் நின்று அழுவாள். பசிக்கு அழுகிற அழுகை வேறு, தொட்டிலில் விழித்துக்கொண்டு அழுகிறது வேறு, தடுப்பூசிக்கு அழுகிறது வேறு, எல்லாம் எனக்கு அத்துப்படி. எத்தனையோ பேர் என் அழுகையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள், என்னைத் தெருவில் பார்த்தால் ஒருத்தருக்கும் தெரியாது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வருத்தம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: "ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பேசலாம். கிசுகிசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் கெடுதல். குழந்தைக் குரல், அழுகை, கத்தல் எதுவும் ஆறு மாசத்துக்குக் கிடையாது." அந்த அரை மணியை ஸ்டெல்லாதான் போனில் ஓடவிட்டுக் கணக்குப் பார்க்கிறாள். "அம்மா, ஒம்பது நிமிஷம் மிச்சம் இருக்கு, கோவப்பட்டு வேஸ்ட் பண்ணாத" என்று போன வாரம் சொன்னாள். வந்த கோபம் சிரிப்பாகப் போய்விட்டது. பேச அனுமதி கிடைத்த இந்த மூன்று வாரத்தில் நான் பேசியதெல்லாம் அவளிடமும் தாஸிடமும் மட்டும்தான். குரல் எப்படி இருக்கிறது என்று தாஸைக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு என்றார். கூட்டில் உப்பு போடாத அன்றைக்கும் அவர் அதையேதான் சொன்னார். நானே பதிவு செய்து கேட்டுப் பார்க்கலாம், மைக் இருக்கிறது, ஹெட்போன் இருக்கிறது, ஆனால் தைரியம் இல்லை. கேட்டுப் பார்த்து அதில் ஒரு கரகரப்போ ஒரு காற்றோ இருந்துவிட்டால் பிறகு எனக்கு வேறு என்ன தெரியும். கணக்கு வராது, கம்ப்யூட்டர் ஏதோ கொஞ்சம், சமையல் தாஸ் சொல்கிற அளவுக்குத்தான்.

ஆறு பக்கம் படிக்க முதலில் ஒரு தடவை, எலிக்கு ஒரு தடவை, யானைக்கு ஒரு தடவை, திருத்தத்துக்கு இன்னொரு தடவை. இன்றைய அரை மணி அதிலேயே போய்விடும், நாளைய அரை மணியும் பாதி போகும், எலிக் குரலுக்கு ஆபரேஷன் செய்த இடம் என்ன ஆகுமோ. இது ஜெயசீலனுக்குத் தெரியாது. தெரிந்தால் கேட்டிருக்க மாட்டான். மாட்டானா. அவன் கெட்டவன் இல்லை, கெட்டவனாக இருந்தால் இந்த அலமாரிக்குள் எனக்கு என்ன வேலை, ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு ஃபேனுக்குக் கீழே இருந்திருப்பேன். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு சந்தைக் காட்சிக்கு எட்டுப் பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்தோம். நான் எல்லாருக்கும் பின்னால். அப்போது அவன் உதவி இன்ஜினியர், மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "பின்னாடி மஞ்சள் சுடிதார், கொஞ்சம் முன்னாடி வாங்க" என்றான். அவ்வளவுதான் அவன் செய்தது. நான் இரண்டடி முன்னால் போனேன். அந்த வாரமே முதல் அழுகை கிடைத்தது. அந்த இரண்டடிக்காக நான் அவனுக்கு எத்தனை சாம்பிள் படித்துக் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்துப் பார்க்க ஆரம்பித்தால் நன்றி கெட்டவள் மாதிரி எனக்கே தோன்றிவிடுகிறது. அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறேன். இரண்டடிக்கு எவ்வளவு தூரம் திரும்ப நடப்பது.

அவனை மட்டும் சொல்வானேன். தாஸின் முதலாளி கேட்டார் என்று தி. நகரில் ஒரு கட்டடத்து லிஃப்டுக்குப் பேசிக் கொடுத்தேன், இப்போது அங்கே எப்போதாவது போனால் என் குரலே என்னைக் கதவை மூடச் சொல்லி அதட்டுகிறது. நாத்தனார் மகன் கல்யாண வீடியோ அழைப்புக்குப் பேசினேன், பந்தியில் இரண்டாவது வரிசையில்தான் இடம் கிடைத்தது. குறும்படம் எடுத்த பிள்ளைகள் நாலு பேர் வந்து, அக்கா, பெரிய படம் கிடைச்சா ஹீரோயின் வாய்ஸ் நீங்கதான் என்றார்கள். பெரிய படம் கிடைத்தது, போஸ்டரைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். எல்லாரும் சொல்கிற ஒரே வாசகம், பேசறதுதானே. எதிர்த் தெரு மாவு மில்லில் போய், அண்ணே, சாம்பிளுக்கு ரெண்டு கிலோ அரைச்சுக் குடுங்க, நைசா இருந்தா அடுத்த வாட்டிலேர்ந்து காசு தரேன் என்று நான் கேட்டால் அந்த அண்ணன் என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அதே நினைப்பில், மாதா கோவிலில் சிலுவைப் பாதை ஜெபம் பதினாலு நிலையும் படித்தேனே, அதுவும் ஓசிதானே என்றும் தோன்றுகிறது. அது ஓசி இல்லை, அது நானாகக் கொடுத்தது. கொடுப்பதற்கும் பிடுங்குவதற்கும் உள்ள வித்தியாசம் கொடுக்கிறவளுக்குத் தெரியும். ஆனால் நான் ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொன்னேனா. ஐயோ பரவாயில்லீங்க என்று சிரித்துச் சிரித்து எல்லாரையும் பழக்கிவிட்டது நான்தான். கோபம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் மேலேயே வந்து உட்காருகிறது, இந்த வியர்வையில் அது வேறு. போனில் அவன் அனுப்பிய கதையை மறுபடி திறக்கிறேன். ராத்திரி கண்ணில் பட்டது சரிதானா என்று பார்க்கிறேன், சரிதான். மேலே மூலையில் சின்னதாகப் பக்க எண். ஏழு. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை. எலி ஏற்கனவே கிணற்றுக்குள் விழுந்து கிடக்கிறது, எப்படி விழுந்தது என்று இல்லை. சாம்பிள் என்றால் எந்த ஊரிலாவது ஏழாம் பக்கத்தில் ஆரம்பிப்பார்களா. ஒன்றிலிருந்து ஆறு யாரிடமோ இருக்கிறது, பதிமூன்றிலிருந்து இன்னொருத்தியிடம் இருக்கிறது, ஆளுக்கொரு அலமாரிக்குள் உட்கார்ந்து ஆறு பக்கம் சும்மா படித்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் முழுக் கதை கம்பெனிக்கு. இதை ஜெயசீலன் கவனித்தானா, கவனிக்கவில்லையா, கவனித்தும் அனுப்பினானா. மூன்றாவது வேண்டாம், ஆண்டவரே.

மோட்டார் நின்றுவிட்டது. காது ஒரு நிமிடம் வெறுமையாக இருக்கிறது, பிறகு காக்கை, பிறகு தூரத்தில் யாரோ துணி அடிக்கிற சத்தம், அதை எல்லாம் கம்பளி பார்த்துக்கொள்ளும். லேப்டாப்பில் சிவப்புப் புள்ளியைத் தட்டுகிறேன். பழக்க தோஷம், எதைப் பதிவு செய்தாலும் எத்தனையாவது தடவை என்று முதலில் டேக் நம்பர் சொல்வேன், அப்போதுதான் வெட்டுகிறவனுக்குச் சுலபம். டேக் ஒண்ணு. "வணக்கம் ஜெயசீலன், உங்கள் அழைப்புக்கு நன்றி." சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது, பாங்குக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்தவும் என்று சொல்வாளே, அவள் வந்து நிற்கிறாள். டேக் ரெண்டு. "ஜெயசீலன், தப்பா எடுத்துக்காத, இந்த மாசம் கொஞ்சம் இதுவா இருக்கு..." ஒரு வாக்கியத்துக்குள் மூன்று தடவை சிரித்தேன், எதற்கு என்று கேட்டால் தெரியாது. டேக் மூணு. "ஏம்ப்பா, ஏழாம் பக்கத்துலேர்ந்தா சாம்பிள் குடுப்பீங்க, எங்களப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு" என்று ஆரம்பித்து குரல் மேலே ஏறியது, தொண்டையில் ஒரு சின்ன இழுப்பு, பயந்துபோய் நிறுத்தி வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தேன். மாமியார் வேஷம் இனி நமக்கு ஆகாது. டேக் நாலு. இருட்டு, சுற்றிலும் கம்பளி, எதிரில் கேட்டுக்கொண்டே இருக்கிற மைக். யாருக்கும் அனுப்பப் போவதில்லை என்ற தைரியத்தில் நிஜத்தைச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு ஆபரேஷன் ஆச்சு, ஜெயசீலன். தொண்டையில. யாருக்கும் சொல்லல. ஒரு நாளைக்கு அரை மணிதான் பேசலாம். அந்த அரை மணில என் பொண்ணுகிட்ட பேசணும், அவர்கிட்ட பேசணும், மிச்சத்துல வேலை பண்ணிப் பொழைக்கணும். அத சும்மா கேக்காத. பயமா இருக்கு எனக்கு. குரல் திரும்பி வந்துடுச்சான்னு கூட எனக்குத் தெரியல." மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்தது கீழே இறங்கின மாதிரி இருந்தது. டேக் அஞ்சு. "ஜெயசீலன், சாம்பிள் இனிமே ஓசியில பண்றதில்ல. வேலை இருந்தா குடு, ரேட் பேசிக்கலாம்." இது சரி. இதில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை.

வெட்டினேன். காதில் போட்டுக் கேட்காமல், திரையில் கோடு மேலும் கீழும் போவதைக் கண்ணால் பார்த்தே ஐந்தாவதை மட்டும் வெட்டி வேறு பெயரில் சேமித்தேன். கேட்கத்தான் தைரியம் இல்லையே. அனுப்பினேன். அனுப்பிவிட்டு அலமாரியைவிட்டு வெளியே வந்து முகம் கழுவி, ஃபேனைப் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தால், போன ஃபைலுக்குக் கீழே நாலு நிமிடம் ஐம்பது நொடி என்று இருக்கிறது. பத்து நொடிக்கு மேல் இருக்கக் கூடாது. மொத்தமும் போயிருக்கிறது. பாங்குக்காரி, சிரிப்பு, மாமியார், ஆபரேஷன், டேக் நம்பரோடு, வெந்நீர் குடித்த சத்தத்தோடு. இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. அழிக்கலாம், அழித்தால் அழித்தேன் என்று காட்டும், அவன்தான் ஏற்கனவே திறந்துவிட்டானே. பதினாறு வருடம் டேக் வெட்டி அனுப்பினவள் இந்த ஒன்றில் கோட்டை விட்டேன். வேறு எந்தத் தொழில்காரியும் வேண்டாம் என்று சொல்வதற்கு ஐந்து டேக் எடுத்திருக்க மாட்டாள். மத்தியானம் டீக்கடைக்குப் போய்விடும் செய்தி, அமலிக்குத் தொண்டை போச்சாம் என்று. ஐயோ பாவம் என்பார்கள், அந்த ஐயோ பாவத்துக்குப் பிறகு போன் வராது. ஸ்டெல்லாவிடம் என்ன சொல்வது. தாஸ் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் இன்னும் கஷ்டம். ஆனால் அவன் அப்படிச் செய்கிறவனா. அப்பா சாவுக்குக் கல்லறை வரை வந்து மண் போட்டுவிட்டுத்தான் போனான், செருப்பெல்லாம் சேறு. ஏழாம் பக்கத்தை அனுப்பியவனும் அவன்தான். இரண்டும் ஒரே ஆள்தானா என்று கால் மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அவன் பெயருக்குக் கீழே, குரல் பதிவாகிறது என்று வருகிறது. நின்றுவிட்டது. மறுபடி வருகிறது. நின்றுவிட்டது. அவனும் டேக் எடுக்கிறான் போலிருக்கிறது.

வந்துவிட்டது, ஒரு நிமிடச் சொச்சம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திட்டுவானோ இரக்கப்படுவானோ, இரக்கத்துக்குத் திட்டே மேல் என்று நினைத்தபடி அழுத்துகிறேன். "அமலி. மொத்தமும் கேட்டேன். நாலாவத மூணு தடவ கேட்டேன். எதுக்குன்னா, பெரிய ஸ்பீக்கர்ல போட்டு எங்கயாவது காத்து கசியுதான்னு பாத்தேன். கசியல. கீழ போறப்ப சுத்தமா இருக்கு, வார்த்தை முடியற எடத்துல கூட உடையல. மூணாவதுல மேல போனப்பதான் கொஞ்சம் இழுத்துச்சு, அத பண்ணாத. நீ சொல்லலேன்னா ஆபரேஷன் ஆன தொண்டைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது. இது என்கிட்டயே இருக்கும், வேற யாருக்கும் போகாது." நாற்காலி நகர்கிற சத்தம். "அந்த ஏழாம் பக்கம், நான் கவனிக்காம இல்ல. பிரிச்சு அனுப்பச் சொன்னாங்க, அனுப்பினேன். நீ கேட்டதும் எனக்கே அசிங்கமாத்தான் இருந்துச்சு. மத்தவங்களுக்கும் நானே போன் பண்ணி வேணாம்னு சொல்றேன், மேல என்ன சொல்லுவாங்களோ பாத்துக்கலாம். இன்னொண்ணு. பெரியவங்க கதை ஒண்ணு இருக்கு, புஸ்தகம் முழுக்க ஒரே பொம்பள பேசற மாதிரி. எலி கிடையாது, யானை கிடையாது. தினம் அரை மணி போதும், ரெண்டு மாசம் ஆனாலும் பரவால்ல. நாலாவதுல பேசின மாதிரியே பேசு. உன் ரேட் சொல்லு."

கசியல. அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். தாஸ் சொன்னபோது நம்பவில்லை, டாக்டரம்மா சொன்னபோது அது மருந்துக்காரப் பேச்சு என்று நினைத்தேன், இவன் சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. இவன் மனுஷனாக எப்படியோ, காது பொய் சொல்லாது. அதன் பிறகுதான் நாலாவது டேக்கை நானே திறந்து கேட்டேன். யாரோ ஒருத்தி இருட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிறாள், பழைய குரலைவிடக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் அகலமாக. குழந்தை இல்லை, மாமியார் இல்லை. இவள் பேசினால் ஒரு புத்தகம் முழுக்கக் கேட்கலாம் என்று எனக்கே பட்டது. சந்தோஷமாக இருந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக வெறும் சந்தோஷம், கூடவே பயம் ஒட்டாத சந்தோஷம்.

ரேட். பதினாறு வருடத்தில் யாரும் என்னிடம் முதலில் கேட்டதில்லை, கேட்டாலும் என் வாயில் வருவது ஒன்றே ஒன்று, நீங்களே பாத்துக் குடுங்க. அது இப்போதும் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். போன் பட்டனை அழுத்திப் பிடித்து, மனசில் இருந்த தொகையைச் சொன்னேன், ஏன் எதற்கு என்று விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. பட்டனை விட்டேன். அதிகமோ, ஜெயசீலனிடமே இப்படிக் கேட்டுவிட்டேனே, சிரிப்பானோ. தண்ணீர் எடுக்க எழுந்திருக்கவில்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரே வார்த்தை, சரி. யாரையும் கேட்கவில்லை, பேரம் பேசவில்லை, ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் சரி என்கிறான் என்றால், குறைத்துக் கேட்டுவிட்டேனோ.